உப்புக்கட்டி போதும் என்பவர்களுக்கு

குளம்படி:
வேறொரு இழையில் கடிவாளம் அருளியது: "லாயத்தில் உப்புக்கட்டியைத் தொங்கவிட்டால் போதும், வேண்டியதைக் குதிரையே நக்கிக்கொள்ளும்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டு நாக்கு அரம் மாதிரி சொரசொரப்பு, அதற்குக் கட்டி சரி. குதிரை நாக்கோ வழவழப்பு. நாளெல்லாம் நக்கினாலும் என்ன தேறும்? 500 கிலோ குதிரை சும்மா நின்றாலே தினம் 10 கிராம் சோடியம் வேண்டும். அதாவது சுமார் 25 கிராம் உப்பு. தூளாகத் தீவனத்தில் கலந்து போடுங்கள்.

கடிவாளம்:
என் பெயரில் இழை திறந்ததற்கு நன்றி. என் குதிரைகள் கட்டியைக் கடித்தே தின்கின்றன. ஓரமெல்லாம் பல் தடம். நாக்கு வழவழப்பு சரி, பல் எங்கே போயிற்று?

குளம்படி:
ஏன் கடிக்கிறது? நக்கிப் போதாமல்தான்! எனக்கே சாட்சி சொல்கிறீர்கள்.

கடிவாளம்:
பொழுது போகாமலும் கடிக்கும். உங்களுக்கு எல்லாமே சாட்சிதான்.

சேணம்:
நீள்தூர ஓட்டத்துக்குக் குதிரை தயார் செய்கிறவன் சொல்கிறேன். வெயிலில் கடுமையாக ஓடினால் மணிக்கு 10 லிட்டருக்கு மேலும் வியர்க்கும். நம் வியர்வையைவிட அதில் உப்பு அதிகம். தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே போவதால் ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறாது, தாகமும் சரியாக எடுக்காது. உடம்பில் நீர் வற்றிப்போன குதிரை வாளியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். குளோரைடும் பொட்டாசியமும் சேர்ந்தே போகும். இவற்றை ஈடுகட்டும் எலக்ட்ரோலைட் என்ற உப்புக் கலவை எப்போது, எவ்வளவு என்று பேசலாமே?

குளம்படி:
பேசலாம். முதலில் நாக்கு விஷயம் முடியட்டும்.

வெள்ளைக்கால்:
புதியவன், மன்னிக்கவும். ஓட்டத்துக்கு முன்பே எலக்ட்ரோலைட் பேஸ்ட்டை வாயில் ஏற்றிவிடலாமா?

சேணம்:
தண்ணீர் குடிக்காத குதிரைக்கு ஏற்றவே ஏற்றாதீர்கள் தம்பி. அவ்வளவு கெட்டியான உப்பு, உடம்பில் இருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். எலக்ட்ரோலைட் கலந்த வாளி வைத்தால் பக்கத்தில் வெறும் தண்ணீர் வாளியும் இருக்கவேண்டும்.

கடிவாளம்:
வந்துவிட்டார் போட்டிக்காரர். லாடம் இழையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்து பாடம் எடுத்தார்.

சேணம்:
அங்கே கேட்ட கேள்விக்கு இன்னும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

குளம்படி:
லாடத்தை விடுங்கள். கடிவாளம், கட்டியை வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டு எழுதுங்கள். எவ்வளவு குறைந்தது என்று ஊரே பார்க்கட்டும்.

கடிவாளம்:
போட்டுக் காட்டினால், மழையில் கரைந்தது என்பீர்கள்.

குளம்படி:
லாயத்துக்குள் தொங்கும் கட்டிக்கு மழை எங்கிருந்து வந்தது? கூரை ஒழுகுகிறதா?

கடிவாளம்:
என் கூரையைப் பற்றி நீங்கள் பேசவேண்டாம்.

வெள்ளைக்கால்:
அப்போது வியர்க்காத நாளில் வெறும் உப்பு போதுமா, யாராவது சொல்லுங்களேன்?

குளம்படி:
போதும், உலர்புல்லிலேயே பொட்டாசியம் தாராளமாக இருக்கிறது. ஆனால் தூள் உப்பு! கட்டி இல்லை. நாக்கு வழவழப்பு என்று மேலேயே எழுதியிருக்கிறேன், அதற்கு மட்டும் இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடிவாளம்:
பல் என்று நானும் மேலேயே எழுதியிருக்கிறேன்.