மறு: இதயத்தில் உருவாகும் ஆஞ்சியோடென்சினுக்கு ‘அகச்சுரப்பு’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

பிரஷரை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் இதயத் திசுவிலேயே உருவாவதைத் தமிழில் எந்தப் பெயரால் சொல்வது என்பதுதான் நம் இழையின் கேள்வி. அதற்குக் குன்னூர் டீச்சர் சொன்ன ‘அகச்சுரப்பு’ காதுக்கு இனிமைதான். ஆனால் தைராய்டு, அட்ரினல் போன்ற நாளமில்லாச் சுரப்பிகளை அகச்சுரப்பிகள் என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அவை சுரப்பது இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றும். நாம் பெயர் தேடுவதோ, உருவான திசுவிலேயே வேலை பார்க்கும் ஒன்றுக்கு. லேப் அண்ணன் எழுதிய ‘இடச்சுரப்பு’ம் சரிவராது. இதயத்தைப் பற்றிய பேச்சில் ‘இட’ என்றாலே இடப்பக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு ‘சுரப்பு’ மேலேயே சந்தேகம். சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடுகிறது. கல்லீரல் தரும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை அது வெட்டினால் ஆஞ்சியோடென்சின் 1. அதன் நுனியில் இரண்டு அமினோ அமிலங்களை ஏ.சி.இ. நொதி நறுக்கிவிட்டால், எட்டே அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின் 2. இரத்தக் குழாயை இறுக்குவதும், ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைத் தூண்டி உப்பைப் பிடித்துவைப்பதும், அப்படிப் பிரஷரை ஏற்றுவதும் இதுதான். இந்த நறுக்கல் நுரையீரலில் நடப்பதாகப் பாடத்தில் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். இதயத் திசுவுக்குள்ளும் அது நடக்கிறது. அங்கே தேவைப்படும் ரெனின் பெரும்பாலும் இரத்தத்திலிருந்து வந்து சேர்ந்ததுதான். போதாததற்கு, மனித இதயத்தில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் உள்ள கைமேஸ் என்ற நொதியும் இதே நறுக்கல் வேலையைச் செய்கிறது. ஏ.சி.இ.யைத் தடுக்கும் எனலாப்ரில் மாத்திரை கைமேஸைத் தடுப்பதில்லை. நம் மலைக் கணக்கில் சொன்னால், தேயிலைக் கொழுந்து சிறு விவசாயி தோட்டத்திலிருந்து வருகிறது, தூளாவது ஃபேக்டரியில். ஃபேக்டரி தூளைச் ‘சுரந்தது’ என்று யாராவது சொல்வோமா?

நிஜமாகவே இதயம் சுரப்பது ஒன்று உண்டு. 1981-இல் கனடாவில் டி போல்டும் உடன் ஆய்ந்தவர்களும் எலி இதயத்தின் மேலறைத் திசுச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சிறுநீரும் அதோடு சோடியமும் கொட்டோ கொட்டென்று கொட்டின. அந்தச் சாற்றில் இருந்ததுதான் ஏ.என்.பி. என்ற ஹார்மோன், 28 அமினோ அமிலங்கள் கொண்டது. மேலறைச் சுவர் இழுபடும்போது வெளியாகி, இரத்தத்தோடு சிறுநீரகம் வரை போய், உப்பை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிறது. ‘இதயச் சுரப்புநீர்’ என்ற பெயரை இதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆஞ்சியோடென்சினுக்கும் அதையே வைத்தால், ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே பெயரில் வந்து படிப்பவர் குழம்பிப்போவார்.

அதனால் என் பரிந்துரை: ‘திசுவிளை ஹார்மோன்’. தனித்தமிழில்தான் வேண்டும் என்பவர்கள் ‘திசுவிளை இயக்குநீர்’ என்று எழுதட்டும். விளைபொருள், விளைச்சல் எல்லோரும் அறிந்த சொற்கள். மூலப்பொருள் வெளியிலிருந்து வந்தாலும் விளைந்த இடம் இது என்று சொல்லிவிடுகிறது. ‘விளை’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் நிறைந்த நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் மட்டும் ‘திசுவிளையா, அது எந்தப் பஞ்சாயத்து?’ என்று கேட்கலாம். கேட்டால் கேட்கட்டும்.

இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம், கோத்தகிரியில் நான் தயாரிக்கும் நோயாளிக் கையேடு. ஒரு முறை மாரடைப்பு வந்த, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், பி.பி. பார்த்து முடித்ததும் ஸ்வெட்டர் கையை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டார்: “பிரஷர் நார்மல்னு நீங்களே சொல்றீங்க சிஸ்டர், அப்புறம் எதுக்கு இந்த மாத்திரை?” கையேட்டில் அதற்கு இப்படி எழுதியிருக்கிறேன்: ‘இந்த மாத்திரை பிரஷருக்கு மட்டுமல்ல. இதயத் தசையிலேயே விளையும் ஒரு ஹார்மோன், தசையைத் தடிக்கவைத்து நார் படியச் செய்யும். மாத்திரை அதையும் மட்டுப்படுத்தும்.’ இந்த இடத்தில் ‘சுரக்கும்’ என்று போட்டால், “அப்ப இதயத்துல சுரப்பி இருக்கா?” என்று அடுத்த கேள்வி வரும்.

பக்கத்துச் செல்லுக்குச் செய்தி கொடுக்கும் சுரப்புக்கு டாக்டர் சார் சொன்ன ‘அண்டைச்சுரப்பு’ எனக்குச் சம்மதம். அங்கே ஒரு செல் நிஜமாகவே சுரக்கிறது. அதைத் தனி இழையில் பேசுவோம். ‘திசுவிளை’க்கு மறுப்பு இருந்தால் டீச்சர் சொல்லுங்கள், கையேடு இன்னும் அச்சுக்குப் போகவில்லை.