கூண்டுக்கு அடியில் கருஞ்சேறு: அள்ளிப் பார்த்தவங்க சொல்லுங்க

ஊருணிக்கரை
தொண்டிப் பக்கம் கடல்ல கடல்விரால் மீன் வளர்க்கிற கூண்டு. 6 மீட்டர் வட்டம், வலை இறக்கம் 4 மீட்டர், வலைக்கும் தரைக்கும் நடுவுல ரெண்டு மீட்டர்கூட இல்லை. தீவனம் கழிசல் மீன். எட்டாம் மாசம் அள்ளியை (தரைச் சேத்தைக் கவ்வி எடுக்கிற தாடைக் கருவி) இறக்கித் தூக்கினா, தாடை திறந்ததும் ஊருணி தூர்வாரும்போது கிளம்புமே, அந்த அழுகின முட்டை வாடை. மேல பழுப்பு அடுக்கே கிடையாது, தொடக்கத்துலேயே மை மாதிரி கறுப்பு, அங்கங்கே வெள்ளைப் படலம். சல்லடையில அலசினா சிவப்பு நூல் போல புழு, எண்ணி மாளாது. சிப்பி, நொறுங்கு நட்சத்திரம், கடல் அட்டை ஒன்னும் இல்லை. 50 மீட்டர் தள்ளி எல்லாம் இருக்கு. புழுவைப் பார்த்துட்டு படகுல ஒருத்தர், "உயிர் நிறையத்தானே இருக்கு, என்ன கெட்டுப்போச்சு"ன்னார். அதுதான் இன்னும் உறுத்துது.

செக்காலை
அந்தச் சிவப்புப் புழு கேபிடெல்லா. தின்னாத மீன் துண்டும் எச்சமும் தரையில குவியுது. அதை மக்க வைக்கிற நுண்ணுயிர் ஆக்சிஜனை இழுத்துடுது. ஆக்சிஜன் தீர்ந்ததும் சல்பேட்டை எடுத்துக்கிற வகை வேலையை ஆரம்பிக்கும், ஹைட்ரஜன் சல்பைடு வரும். வெள்ளைப் படலம் அந்தச் சல்பைடைத் தின்னுற பெஜியடோவாங்கற பாக்டீரியா. மத்ததெல்லாம் செத்த இடத்துல கேபிடெல்லா மட்டும் பெருகும். அதனால தலையை எண்ணாதீங்க, இனத்தை எண்ணுங்க.

ஆனா அண்ணே, 50 மீட்டரை ஒப்பீட்டு இடம்னு எப்படி ஏத்துக்கறது? நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடுச்சு? வாடைக்காத்து காலத்துல ஒரு திசை, கச்சான் காத்து காலத்துல வேற திசை. கழிவும் அது கூடவே போகும்.

தேவகோட்டை ரஸ்தா
கொடுவாக் கூண்டுக்கு அடியில ஒரு தடவை பார்த்தது: தரையில கறுப்பு இல்லை, முழுக்க கொட்டலசும் (வலையில ஒட்டி வளர்ற ஓட்டு உயிர்) மட்டியும். வலையைக் கடல்லயே வச்சுத் தேய்ச்சதுல உதிர்ந்தது. அதுவும் அழுகி அதே கதைதான்.

கேக்காம சொல்றேன், அள்ளுறதுலயே பாதித் தப்பு நடக்குது. கடைசி ஒரு மீட்டரை மெதுவா இறக்குங்க. தொப்புனு விட்டா முன்னால தள்ளுற தண்ணியே மேல்பூச்சைக் கலைச்சுடும். தாடையில கிளிஞ்சல் சிக்கி இடுக்கு வழியா சேறு ஒழுகினா அந்த மாதிரியைக் கொட்டிட்டு மறுபடி எடுங்க. ஒரு இடத்துக்கு மூணு அள்ளலாவது வேணும். அலசும் முன்னாடியே நிறம், வாடை, குமிழி, இளக்கம் எழுதிக்கணும். நார்வேயில கூண்டுக்கு அடியை மதிப்பிட இதையெல்லாம் புள்ளி போட்டே கணக்கெடுக்கறாங்க. சேத்துல ஆக்சிஜன் நிலைமையைக் காட்டுற ரெடாக்ஸ் மின்முனையை அப்பவே செருகுங்க, கரைக்கு வந்து அளந்தா காத்துப்பட்டு எண் மாறிடும். சல்லடைக் கண் 0.5 மில்லிமீட்டர் இருக்கணும், 1 மில்லிமீட்டர்ல குட்டிப் புழு நழுவிடும். மாதிரியைக் கெடாம வைக்கிற ஃபார்மலின்ல, அமிலத்தை முறிக்கிற போராக்ஸ் போடாம விட்டா அமிலம் மெல்லிய சிப்பி ஓட்டைக் கரைச்சுடும், அப்புறம் "சிப்பியே இல்லை"ன்னு எழுதுவீங்க. ரோஸ் பெங்கால் சாயம் கலந்தா உயிர்ப்பொருள் செஞ்சிவப்பாகும், பொறுக்கச் சுலபம்.

ஊருணிக்கரை
போராக்ஸ் போட்டாச்சு ஐயா. சிப்பி நெசமாவே இல்லை. ஒப்பீட்டு இடத்தை மேல்நீவாட்டுல இன்னும் தள்ளி எடுத்திருக்கணும், செக்காலை சொன்னது சரி.

பள்ளத்தூர் மச்சான்
உலர் தீவனத்துக்கு மாறினா தீர்ந்துச்சே, இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

செக்காலை
குறையும், தீராது மச்சான். உலர் தீவனக் குளிகையிலயும் தின்னாதது மூழ்கும், எச்சம் எப்படியும் விழும். பாக் விரிகுடா ஆழம் குறைஞ்ச கடல். விழுறது பரவ இடமில்லாம நேர் கீழே குவியும். அடியில தாழை, அதான் கடல்புல், இருந்தா இன்னும் மோசம்: நிழலும் விழும், இலை மேல தூசும் படியும், வேர்ல சல்பைடும் ஏறும். மத்தியதரைக் கடல்ல பொசிடோனியா புல்வெளி கூண்டுப் பக்கம் அழிஞ்சது இப்படித்தான்.

தேவகோட்டை ரஸ்தா
அறுவடைக்கு அப்புறம் கூண்டை நகர்த்தி அந்த இடத்தை ஆறப்போடணும். பத்து மீட்டர் நகர்த்துறது நகர்த்தலே இல்லை, கறுப்பு வட்டம் ரெண்டாகும், அவ்வளவுதான். பழுப்பு அடுக்கு முதல்ல திரும்பும். சிப்பியும் அட்டையும் வர வருஷக் கணக்காகலாம். ஆறு மாசத்துல அதே இடத்துல அள்ளி, வாடையை முதல்ல எழுதுங்க.