ஆடு மேய்க்கும் பெண் பேரரசனை 'நீ' என்று சொல்லலாமா?

கருங்குதிரை:
நேற்று ஒற்றைக்கொம்பு ஐயா என் தொடர்கதைக்குத் தீர்ப்பு எழுதியிருந்தார்: "ஆடு மேய்க்கும் பெண் பேரரசனைப் பார்த்து 'நீ யார்?' என்கிறாள், காவலர்கள் சும்மா நிற்கிறார்கள். அந்த உலகத்தின் மொழியைப் பற்றி ஆசிரியர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை." என் கதையில் வானத்தில் இரண்டு நிலா, ஏரிக்கு அடியில் ஒரு நகரம். அதெல்லாம் அவருக்குச் செரித்துவிட்டது, ஒரு 'நீ' மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அங்கே யாரும் தமிழ் பேசவில்லை ஐயா. அவர்கள் மொழியில் பேசுவதை நான் தமிழில் தருகிறேன், அவ்வளவுதான்.

ஒற்றைக்கொம்பு:
தமிழில் தருகிறவர் ஒழுங்காகத் தர வேண்டும். தமிழில் நீயும் உண்டு, நீங்களும் உண்டு. தேர்ந்தெடுத்தது நீங்கள்தானே, இரண்டாவது நிலா இல்லையே? மூன்றாம் அத்தியாயத்தில் அதே பெண் ஓடக்காரரை 'நீங்கள்' என்கிறாள். ஓடக்காரருக்கு நீங்கள், பேரரசனுக்கு நீ. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி:
தமிழ் படித்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். புறநானூற்றுப் புலவர்கள் மன்னர்களை ஒருமையில்தான் அழைத்தார்கள். கண்ணகி பாண்டியன் அவையிலேயே "தேரா மன்னா" என்றாள். ஒருவரைப் பன்மையில் அழைக்கும் மரியாதையெல்லாம் பிற்பாடு பரவியது.

ஒற்றைக்கொம்பு:
கண்ணகி கணவனைப் பறிகொடுத்துவிட்டு நீதி கேட்க வந்தாள். இந்தப் பெண் காணாமல் போன ஆட்டைத் தேடி வந்தாள். அது போகட்டும். புறநானூற்றுக் கணக்குப்படி ஓடக்காரருக்கும் 'நீ'தானே வர வேண்டும்? ஓடக்காரர் விஷயத்தை ஏன் எல்லோரும் தாண்டித் தாண்டிப் போகிறீர்கள்?

மழைக்கால்:
ஆங்கிலக் கற்பனைக்கதை எழுத்தாளர் டோல்கீன் இதை அன்றைக்கே யோசித்துவிட்டார். அவருடைய மோதிரக் கதையின் ('தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்') கடைசித் தொகுதி 1955இல் வந்தது, அதன் பின்னிணைப்பில் இருக்கிறது. மூலம் வெஸ்ட்ரான் என்ற பொதுமொழியில் இருந்தது, தான் அதை ஆங்கிலத்தில் பெயர்த்ததாகப் பாவனை செய்கிறார். அந்த மொழியிலும் நம்மைப் போல மரியாதை வடிவம் தனியாக உண்டு. ஹாபிட்டுகள் என்ற குள்ள இனத்தாரின் பேச்சில் மட்டும் அது வழக்கொழிந்துவிட்டது. அதனால் பிப்பின் என்ற ஹாபிட்டு போய் டெனதோர் பிரபுவையே ஒருமையில் பேசுகிறான். பிரபுவுக்கு வேடிக்கையாக இருந்திருக்கலாம், வேலைக்காரர்கள் அசந்துபோயிருப்பார்கள் என்கிறார். பிப்பின் அவன் ஊரில் பெரிய இடத்துப் பிள்ளை என்று வதந்தி பரவியதற்கும் இது ஒரு காரணமாம்.

கருங்குதிரை:
பார்த்தீர்களா! டோல்கீன் செய்தால் ஆழம், நான் செய்தால் கவனக்குறைவா?

ஒற்றைக்கொம்பு:
வேலைக்காரர்கள் அசந்துபோனார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். உங்கள் காவலர்கள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நான் முதலிலிருந்து சொல்வதும் அதுதான். ஹாபிட்டு யாரிடமும் மரியாதை வடிவம் பேசுவதில்லை. உங்கள் பெண் ஓடக்காரரிடம் பேசுகிறாள். மழைக்காலுக்கு நன்றி, என் கட்சிக்குச் சாட்சி சொன்னதற்கு.

மழைக்கால்:
நான் யார் கட்சியிலும் இல்லை.

ஏழாம்_கதவு:
இவ்வளவு தொல்லை எதற்கு? புது மொழியே உருவாக்கிவிடலாமே. பாகுபலியில் காலகேயர்களுக்கு மதன் கார்க்கி கிளிக்கி உருவாக்கவில்லையா?

கருங்குதிரை:
காலகேயர்களுக்கு உருவாக்கினார். மகிழ்மதிக்காரர்கள் என்ன பேசினார்கள்? தமிழ்ப் படத்தில் தமிழ், தெலுங்குப் படத்தில் தெலுங்கு. யாராவது கேள்வி கேட்டார்களா? எதிரிக்குத்தான் புரியாத மொழி, நாயகனுக்கு நம் மொழி. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நடுநிலை:
ஒரு சந்தேகம். பாத்திரங்களின் மொழியைப் பற்றிப் பேசுகிறோமா, கதைசொல்லியின் மொழியைப் பற்றியா? அதை முதலில் முடிவு செய்யலாமா?

ஒற்றைக்கொம்பு:
ஓடக்காரரைப் பற்றிப் பேசுகிறோம்.

பழஞ்சுவடி:
இடையில் எனக்கும் ஒரு கேள்வி. கருங்குதிரை, உங்கள் மந்திரவாதி வாயைத் திறந்தால் மட்டும் ஏன் 'ஹ்ரீம்', 'ஸ்வாஹா' என்று வருகிறது? ஏரிக்கு அடியில் இருக்கும் நகரத்துக்கு வடமொழி எப்படிப் போய்ச் சேர்ந்தது? உங்களுக்காகப் புறநானூறு வரைக்கும் பேசினேன், அதற்கு இதுதான் பரிசா?

கருங்குதிரை:
பழகிய ஒலி, வாசகருக்குச் சட்டென்று மந்திரம் என்று பிடிபடும். இதிலும் அரசியலா?

பழஞ்சுவடி:
உங்களுக்கு வசதியானால் மொழிபெயர்ப்பு, நாங்கள் கேட்டால் அரசியல். நன்றாக இருக்கிறது நியாயம்.

ஏழாம்_கதவு:
ஒற்றைக்கொம்பு ஐயாவின் கதையில் டிராகன் செந்தமிழில் வெண்பா பாடியதே. டிராகனுக்கு யாப்பு கற்றுக்கொடுத்தது யார்?

ஒற்றைக்கொம்பு:
அந்த டிராகன் நூலகத்தில் வளர்ந்தது, இரண்டாம் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறேன். படிக்காமல் பேசுவது உங்களுக்குப் புதிதில்லை. போன தடவை வரைபடச் சண்டையிலும் இதையேதான் செய்தீர்கள்.

கருங்குதிரை:
பாதியில் நிறுத்திய கதையை யார் படிப்பார்கள்?

ஒற்றைக்கொம்பு:
நிறுத்தவில்லை, திருத்திக்கொண்டிருக்கிறேன். நீங்களும் அதைச் செய்யலாம், அந்த ஓடக்காரரிடமிருந்து ஆரம்பித்து.

ஏழாம்_கதவு:
வரைபடச் சண்டையில் நான் சொன்னதுதான் சரி. ஆறு மலைமேல் ஏறாது. இப்போதும் சொல்கிறேன்.