டிஸ்னி வேர்ல்டு போகிற நண்பர்களுக்கு எவ்வளவு சொல்லலாம்? என் பதினோரு பக்கத்துக்கு ஒரு கட்டைவிரல்தான் பதிலாக வந்தது

காலை_ஏழு_மணி எழுதியது:

ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்கு இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். அதிலிருந்து யாராவது "நாங்களும் போகலாம்னு இருக்கோம்" என்றால் போதும், எனக்குள் ஒரு வாத்தியார் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

போன வருடம் ஒரு தோழி, இரண்டு குழந்தைகளோடு முதல் முறை போகிறாள், "ஏதாவது இருந்தா சொல்லு" என்றாள். அந்த "ஏதாவது"வை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்றால், இரண்டு ராத்திரி உட்கார்ந்து பதினோரு பக்கம் டைப் செய்து அனுப்பினேன். எந்தப் பார்க்கை எந்தக் கிழமையில் வைத்துக்கொள்வது, வாசல் திறந்ததும் எந்தப் பக்கம் நடப்பது, அணிவகுப்பைப் பார்க்க எந்த ஓரம் நல்லது, எந்தக் கழிப்பறையில் கூட்டம் குறைவு என்பது வரைக்கும். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. ஒரு வாரம் கழித்து அவளே கேட்கிறாள், "அங்க மொத்தம் எத்தனை பார்க் இருக்கு?" அது முதல் பக்கத்தில் முதல் வரி. நான்கு.

இப்போது ஆபீஸ் நண்பர் ஒருவர் ஆகஸ்டில் குடும்பத்தோடு போகிறார். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் நான்கையும் இரண்டே நாளில் முடிப்பதாகத் திட்டம். கேட்டதிலிருந்து எனக்குக் கை அரிக்கிறது. இன்னும் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் கேட்பார். இந்த முறை எவ்வளவு சொல்வது? கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதா? தப்பு செய்யப் போகிறார் என்று தெரிந்தும் சும்மா இருந்தால் அது நட்பா?

ஓரமாய்_நிற்பவன்:

முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள். டிக்கெட் வாங்கியாச்சா, ஹோட்டல் போட்டாச்சா, பிள்ளைகளுக்கு என்ன வயது, என்ன உயரம். டிக்கெட்டும் ஹோட்டலும் முடிந்துவிட்டது என்றால் அந்த இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசாதீர்கள், மாற்ற முடியாத ஒன்றைப் பற்றிச் சொல்வது யோசனை இல்லை, குறை சொல்வது. அவர் பாவம் அடுத்த இரண்டு மாதம் "அந்த ஹோட்டலே போட்டிருக்கலாமோ" என்று நினைத்துக்கொண்டே இருப்பார்.

என் கணக்கு இதுதான்: போன பிறகு அங்கேயே நின்று சரிசெய்ய முடியாத விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும். எந்த ரைடு முதலில், எங்கே நிழல் இருக்கிறது என்பதையெல்லாம் அங்கே போய் ஆப்பைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்வார்கள். ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு 60 நாள் முன்பே ரிசர்வேஷன் திறந்துவிடும் என்பதை அங்கே போய்த் தெரிந்துகொண்டு என்ன பயன்? லைட்னிங் லேன் (காசு கட்டி நீண்ட வரிசையைத் தாண்டும் ஏற்பாடு) புக்கிங்கும் அப்படித்தான், டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு 7 நாள் முன்பு, மற்றவர்களுக்கு 3 நாள் முன்பு, காலை ஏழு மணிக்கு (உங்கள் பெயரே அதுதானே!).

அப்புறம் ரைடில் ஏறக் குழந்தைக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச உயரம். இதைச் சொல்லாமல் விடாதீர்கள். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலம், டிரானுக்கு 48, செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு 38. எந்தப் பார்க் என்று சொல்லவில்லை, என் நண்பனின் மகள் ஒரு ரோலர் கோஸ்டருக்காக ஆறு மாதம் வீடியோ பார்த்துப் பார்த்துத் தயாரானாள். வாசலில் அளவுகோலுக்குக் கீழே நிற்க வைத்தார்கள். குதிகாலைத் தூக்கினாள், அந்த ஊழியர் பொறுமையாகச் சிரித்துக்கொண்டே "கால் கீழே" என்று சைகை காட்டினார். இரண்டு விரல் கட்டை குறைந்தது. குழந்தை அழவில்லை, அதுதான் பார்க்கவே கஷ்டமாக இருந்தது என்று நண்பன் சொன்னான், தலையில் இருந்த காதுத் தொப்பியைக் கழற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறாள். அந்த அளவு எனக்குத் தெரியும். நான் அவனுக்கு அனுப்பிய குறிப்பிலும் இருந்தது. ஆறாம் பக்கத்தில், கழிப்பறை விஷயத்துக்குப் பக்கத்தில்.

முதல்முறைக்காரி:

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன், அதாவது பதினோரு பக்கத்தைப் பெற்றுக்கொண்ட பக்கம்.

எங்களுக்கு என் கணவரின் அண்ணன் ஒரு எக்செல் ஷீட் அனுப்பினார். நிமிடக் கணக்கு போட்டு, கலர் பூசி, ஒவ்வொரு பார்க்குக்கும் ஒரு தனி ஷீட். அன்போடுதான் செய்தார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே போன முதல் நாள் பத்து மணிக்கே நாங்கள் நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தோம், எதற்குப் பின்தங்கினோம் என்று கேட்டால் அந்த ஷீட்டுக்கு. என் பையன் ஒரு வாத்து நடப்பதை நின்று பார்த்தான், பொம்மை வாத்து இல்லை, நிஜ வாத்து, குளத்தோரம் இருந்தது. நான் அவனை "வா வா" என்று இழுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதில் மச்சினர் ஊரில் இருந்துகொண்டே வாட்ஸ்ஆப்பில் வேறு, "இப்ப எங்க இருக்கீங்க?", "அதை முடிச்சாச்சா?". மூன்றாவது நாள் போனை ஹோட்டல் அறையிலேயே வைத்துவிட்டேன்.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. ரைடுக்குள் என்ன நடக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். அனிமல் கிங்டமில் எவரெஸ்ட் மலை போல ஒரு ரைடு இருக்கிறதே, மேலே ஏறிப் போன பிறகு என்ன ஆகும் என்பதை மச்சினர் அந்த ஷீட்டில் குறிப்புப் பெட்டிக்குள் எழுதியிருந்தார். ரயில் மேலே போய் நின்றபோது பக்கத்துப் பெட்டியில் எல்லோரும் திகைத்துக் கத்துகிறார்கள், நாங்கள் நான்கு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். என்ன நடக்கும் என்று இங்கே எழுதமாட்டேன், நீங்களும் உங்கள் நண்பருக்கு எழுதாதீர்கள்.

நனைந்துபோனவன்:

மேலே இரண்டு பேரும் சொல்வதை மரியாதையோடு மறுக்கிறேன். சொல்லுங்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். படிக்காவிட்டால் அது அவர் பாடு.

நாங்கள் ஜூலையில் போனோம். ஃபுளோரிடாவில் கோடைக்காலத்தில் மத்தியான வாக்கில் இடி மின்னலோடு மழை கொட்டுவது கிட்டத்தட்ட தினசரி வழக்கம் என்பது எனக்குத் தெரியாது. மின்னல் பக்கத்தில் வந்தால் வெளியே ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் என்ன செய்தோம், மூன்று மணிக்கு இடி இடித்ததும் "சரி, இன்றைக்கு அவ்வளவுதான்" என்று குழந்தைகளை மூட்டை கட்டிக்கொண்டு நனைந்தபடியே ஹோட்டலுக்குத் திரும்பிவிட்டோம். நான்கரைக்கு ஜன்னலைத் திறந்தால் பளீரென்று வெயில். கூட்டத்தில் பாதி எங்களைப் போலவே கிளம்பிப் போயிருக்கும், உள்ளேயே ஒதுங்கி நின்றவர்களுக்கு வரிசை குறைந்திருக்கும். ஐந்து நாளில் இரண்டு நாள் இப்படிப் போயிற்று.

இன்னும் கேளுங்கள். சின்னவளுக்கு உயரம் போதாது. அதனால் நானும் பெரியவனும் ஒரு தடவை முழு வரிசையில் நின்றோம், வந்த பிறகு என் மனைவி தனியாக மறுபடி முழு வரிசையில் நின்றாள். எழுபது நிமிடமும் எழுபது நிமிடமும். ரைடர் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது, வாசலில் ஊழியரிடம் சொன்னால் போதும், ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்கலாம், முதல் ஆள் வந்ததும் இரண்டாவது ஆள் அந்த நீண்ட வரிசையில் நிற்காமல் போகலாம், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. சொன்னது யார் தெரியுமா? அங்கே நான்கு தடவை போயிருந்த என் நெருங்கிய நண்பன். "ஏன்டா முன்னாடியே சொல்லல?" என்றேன். "நீ கேக்கவே இல்லையே" என்கிறான்! தெரியாத ஒன்றை ஒருவன் எப்படிக் கேட்பான்?

ஓரமாய்_நிற்பவன்:

நனைந்துபோனவரே, நீங்கள் சொன்ன இரண்டும் நான்கு வரியில் அடங்கிவிட்டது, கவனித்தீர்களா. உங்கள் நண்பர் அந்த நான்கு வரியைச் சொல்லியிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் பதினோரு பக்கம் தேவையில்லை.

நனைந்துபோனவன்:

எந்த நான்கு வரி என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? அதுதானே பிரச்சினை.

பழைய_பாஸ்:

எல்லோரும் எவ்வளவு சொல்வது என்றே பேசுகிறீர்கள். சொல்வது இன்னும் உண்மையா என்று யாராவது பார்த்தீர்களா?

நான் கடைசியாகப் போனது 2019. 2022 கோடையில் ஒரு நண்பன் குடும்பத்துக்கு மிகுந்த தன்னம்பிக்கையோடு ஆலோசனை வழங்கினேன். "ஏர்போர்ட்டில் இறங்கினதும் டாக்ஸி கீக்ஸி எதுவும் வேண்டாம், டிஸ்னி ஹோட்டல்காரர்களுக்கு இலவச பஸ் இருக்கிறது, நேராகப் போய் ஏறு." அந்த பஸ் சேவையை 2022 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அவன் இரண்டு குழந்தைகள், நான்கு பெட்டிகள், தூங்கி வழியும் மாமியார் சகிதம் அந்த பஸ் நிற்குமிடத்தைத் தேடி ஏர்போர்ட்டைச் சுற்றியிருக்கிறான். எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான், பெட்டிகளின் மேல் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. தப்பு முழுக்க என்னுடையது, ஒரு தடவை தேடிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

வரிசையைத் தாண்டும் ஏற்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஆரம்பித்தது, தனிக் கட்டணம் இல்லாமல் இருந்தது. 2021இல் அதை எடுத்துவிட்டுக் கட்டணத்தோடு ஜீனி பிளஸ் வந்தது. 2024 ஜூலையில் அதுவும் போய் லைட்னிங் லேன் மல்டி பாஸ் ஆனது. எந்தப் பார்க்குக்கு எந்த நாள் என்று தனியாக முன்பதிவு செய்ய வேண்டும் என்று கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள், தேதி போட்ட சாதாரண டிக்கெட்டுகளுக்கு 2024 ஜனவரியில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே எவ்வளவு அழகாக எழுதினாலும் இரண்டு வருடத்தில் உங்கள் பதினோரு பக்கமும் பழைய காலண்டர்தான். நான் இப்போது யாருக்கு என்ன சொன்னாலும் "நான் போன வருடம் இது, போகுமுன் சரிபார்த்துக்கொள்" என்று ஒரு வரி சேர்க்கிறேன். தேதி சம்பந்தப்பட்டது என்றால் நானே அவர்களுடைய தளத்தில் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

முதல்முறைக்காரி:

அந்த மாமியார் போட்டோவுக்காக ஒரு நிமிடம் மௌனம்.

இரண்டு நாளில் நான்கு பார்க் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. "அது முடியாது" என்று சொல்லாதீர்கள். முடியாது என்றால் ஆண்களில் சிலருக்கு மூன்று பார்க்கை ஒரே நாளில் போட்டுக்காட்டத் தோன்றும் (என் வீட்டில் ஒருவர் இருக்கிறார்). அந்த இடம் மொத்தம் சுமார் 100 சதுர கிலோமீட்டர், ஒரு பார்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பஸ்ஸோ காரோ வேறு வண்டியோ பிடிக்க வேண்டும், நாள் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பது அங்கே சர்வசாதாரணம், இதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். கணக்கை அவரே போடட்டும். அப்புறம் புது ஷூவை அங்கே போய் முதல் முறை போட வேண்டாம் என்று சொல்லுங்கள், இதைக் கேட்காமலே சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காலை_ஏழு_மணி:

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் அவரே என் மேசைக்கு வந்து கேட்டார். நான் பழைய ஃபைலைத் திறக்கவே இல்லை, சத்தியமாக. பையனுக்கு எவ்வளவு உயரம் என்று கேட்டேன், யோசித்துவிட்டுத் தன் இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினார், அங்குலத்தில் சொல்லுங்கள் என்றேன், தெரியவில்லை.

பிறகு போனில் இதை அனுப்பினேன், அப்படியே ஒட்டுகிறேன்:

"உணவக ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடி திறக்கும், நாளைக் குறிச்சு வச்சுக்கோங்க. பையனோட உயரத்தை அளந்துட்டு ரைடு லிஸ்ட்டைப் பாருங்க, அவன்கிட்ட ஆசை காட்டுறதுக்கு முன்னாடி. உயரம் போதலன்னா வாசல்ல ரைடர் ஸ்விட்ச்னு கேளுங்க. மத்தியானம் மழை வந்தா கிளம்பாதீங்க, கடைக்குள்ள ஒதுங்குங்க. பார்க்குக்குப் பார்க் தூரம் அதிகம், நடை ஜாஸ்தி, பழகின ஷூ. நான் கடைசியா போனது 2024, ஒருமுறை சரிபார்த்துக்கோங்க. வேற எது வேணுமோ கேளுங்க."

அனுப்பிவிட்டு, அணிவகுப்பைப் பார்க்க நல்ல ஓரம் எது என்பதையும் சேர்த்துவிடலாமா என்று மூன்று தடவை டைப் செய்து மூன்று தடவை அழித்தேன்.

சாயங்காலம் பதில் வந்தது. நான்கு பார்க் விஷயம் பற்றி ஒன்றும் இல்லை. "அளந்தேன், 43 அங்குலம். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 போட்டிருக்கு. ஆகஸ்டுக்குள்ள வளர்ந்துடுவானா?"

இதற்கு என்ன சொல்வது?

ஓரமாய்_நிற்பவன்:

சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள். பையனுக்குத் தெரியாமல்.