ஹோமோஊசியோஸ்: ‘ஒருபொருண்மை’ என்று முன்மொழிகிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் வகுத்த கிறிஸ்தவ நம்பிக்கை அறிக்கையில், மகனாகிய கிறிஸ்து தந்தையாகிய கடவுளோடு எப்படி ஒன்றானவர் என்று சொல்ல ‘ஹோமோஊசியோஸ்’ என்ற கிரேக்கச் சொல் வருகிறது. அதற்குத் தமிழில் ‘ஒத்த தன்மையர்’ என்று வைத்துக்கொள்ளலாம் என ஐயா எழுதியிருந்தார். வாய்க்கு எளிதாகத்தான் வருகிறது. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘தன்மை’யைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதல் தடை ‘ஒத்த’ என்பதிலேயே இருக்கிறது.

325-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய சங்கத்தின் முன் இருந்த கேள்வி, மகன் தந்தையால் படைக்கப்பட்டவரா, தந்தையோடு என்றும் இருப்பவரா என்பது. அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியூஸின் தரப்பு சொல்லிவந்ததை அறிக்கையே எடுத்துக்காட்டிக் கண்டிக்கிறது: ‘அவர் இல்லாதிருந்தது உண்டு.’ கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் ‘காலம்’ என்ற சொல்லே கிடையாது. காலங்களுக்கு முன்பே பிறந்தவர்தான், ஆனாலும் பிறக்குமுன் அவர் இல்லை என்பது அவர்கள் வாதம். ‘அவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது’ என்று பெயர்த்தால் ஆரியூஸ் சொல்லாததை அவர் வாயில் திணிக்கிறோம். ‘இல்லாதிருந்தது உண்டு’ என்று தமிழில் சொல்ல முடிகிறபோது ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

இந்த வாதத்துக்கு வழி அடைக்கத்தான் சங்கம் விவிலியத்தில் எங்கும் இல்லாத ஹோமோஊசியோஸ் என்ற சொல்லை எடுத்து வைத்தது. கையெழுத்திட்ட ஆயர்கள் பலருக்கே அதில் மனம் ஒப்பவில்லை. செசரியாவின் ஆயர் எவுசேபியூஸ், இதை எந்தப் பொருளில் ஏற்றுக்கொண்டேன் என்று தம் சபைக்கு நீண்ட விளக்கக் கடிதமே எழுத வேண்டியிருந்தது. 357-இல் சிர்மியத்தில் கூடியவர்கள், அந்தச் சொல்லின் உள்ளே இருக்கும் ‘ஊசியா’ (ஒருவர் எதுவாக இருக்கிறாரோ அது) என்ற பேச்சே வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார்கள். மறு ஆண்டு அன்சிராவில் பசிலியூஸ் தலைமையில் ஒரு குழு நடுவழி ஒன்றைத் தேடியது. தந்தையோடு ‘ஒத்த’ ஊசியா உடையவர் என்ற அவர்கள் நிலைப்பாட்டுக்கு வரலாற்றில் நிலைத்த பெயர் ‘ஹோமோயூசியோஸ்’. இரண்டு சொற்களுக்கும் இடையே ஓர் இயோட்டா, ஒரே எழுத்து.

ஆக, ‘ஒத்த தன்மையர்’ என்று எழுதினால் 325-இன் சொல்லுக்கு 358-இன் சொல்லை வைத்துவிடுகிறோம். நிசேயாவின் சொல்லுக்காக வாதாடிய அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியூஸ் அந்த நடுவழிக்காரர்களைப் பகைவராக நடத்தவில்லை. சகோதரரோடு பேசுவதுபோல் பேசினார். என்றாலும் ‘ஒத்தது’ என்பது குணங்களைப் பற்றிய பேச்சு, ஊசியாவைப் பற்றிப் பேசும்போது ‘அதுவே’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பதை அவர் விடவில்லை. வெள்ளீயம் பளபளப்பில் வெள்ளியை ஒக்கும், ஆனால் அது வெள்ளியாகிவிடாது. நம் கலைச்சொல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும்.

இனி ‘தன்மை’. தமிழில் இரண்டு வழக்குகள் ஏற்கெனவே இருக்கின்றன. கத்தோலிக்கத் திருப்பலியில் ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்கிறோம். சீர்திருத்த சபைகளின் வழிபாட்டில் ‘பிதாவோடே ஒரே தன்மை’ என்று வருகிறது. நான் முதலாவதைக் கேட்டு வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அப்பாயி பக்கத்தில் நின்று சொல்வேன். ‘பொருள்’ என்றால் எனக்கு அப்போது கடையில் வாங்கும் சாமான். தந்தையும் மகனும் எப்படி ஒரே சாமானாக இருப்பார்கள் என்று அப்பாயியிடம் கேட்டேன். ‘வெளக்குல இருந்து வெளக்கு ஏத்துற மாதிரிடா, நெருப்பு ஒண்ணுதான்’ என்றார். ‘ஒளியினின்று ஒளி’ என்று அறிக்கை சொல்வதைத்தான் அவர் தம் மொழியில் சொன்னார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

‘தன்மை’ நீரின் குளிர்ச்சிக்கும் ஆகும், மனிதரின் குணத்துக்கும் ஆகும், இலக்கணத்தில் நான், நாம் என்பவற்றுக்கும் ஆகும். ஒன்றைப் பற்றி நிற்பது தன்மை. எதைப் பற்றி நிற்கிறதோ அது பொருள். ஊசியா இரண்டாவது வகை. தவிரவும், கிறிஸ்துவின் இறைமை, மனிதம் என்ற இரு இயல்புகளைப் பற்றிப் பேசும்போது வரும் ‘பூசிஸ்’ என்ற சொல்லோடு தன்மை குழம்பிவிடும். அதற்கு ‘இயல்பு’ என்பது வழக்கில் நன்றாக ஊன்றிவிட்டது. அதைத் தொட வேண்டாம்.

அக்கா கேட்ட கேள்வி நல்ல கேள்வி: ஊசியா என்பது ‘இருத்தல்’ என்ற வினையிலிருந்து பிறந்ததென்றால் தமிழிலும் அப்படி ஒன்றைப் பிடிக்கக் கூடாதா? சுரியானி மொழி பேசிய கிறிஸ்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். ‘ஈத்’ என்றால் அவர்கள் மொழியில் ‘உண்டு’. அதிலிருந்து ‘ஈத்தூத்தா’ என்று ஆக்கினார்கள். நம்மிடமும் அச்சு அசலாக அதே சொல் இருக்கிறது: உள் + மை = உண்மை. பழைய உரைகளில் ‘உண்மை’ என்றால் இருத்தல், ‘இன்மை’க்கு எதிர்ச்சொல். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், மனமில்லாமல்தான் விடுகிறேன். இன்றைய வாசகருக்கு ‘ஓருண்மை’ என்றால் ‘ஒரு சத்தியம்’ என்றுதான் படும். அடிக்குறிப்பு போட்டால்தான் புரியும் கலைச்சொல் நிற்காது.

கேரளத்தின் சுரியானி வழிச் சபைகள் மலையாளத்தில் ‘சாராம்சத்தில் சமத்துவம்’ என்கின்றன. சுரியானியில் ‘ஈத்தூத்தாவில் சமமானவர்’ என்றிருப்பதன் நேர்ப் பெயர்ப்பு அது. அவர்கள் மரபில் அது சரியாக இருக்கலாம். ஆனால் தமிழில் ‘சமம்’ என்ற உடனே தராசின் இரண்டு தட்டுகள் கண்முன் வந்துவிடும். எனக்கு ‘சமம்’ போதாது, ‘ஒன்று’ என்பதே வேண்டும்.

அப்படியானால் ‘ஒரே பொருள்’ என்பதையே வைத்துக்கொள்ளலாமே என்றால், கிறிஸ்து யார் என்று 451-இல் கல்கெதோனில் கூடிய சங்கம் தந்த வரையறையில் அதைப் போட்டுப் பாருங்கள். அங்கே இதே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது: கிறிஸ்து இறைமையைப் பொறுத்துத் தந்தையோடு ஹோமோஊசியோஸ், மனிதத்தைப் பொறுத்து நம்மோடு ஹோமோஊசியோஸ். ‘நம்மோடு ஒரே பொருளானவர்’ என்றால் நாமும் அவரும் சேர்ந்து எண்ணிக்கையில் ஒரே ஆள் என்று ஆகிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் இரண்டாவது இடத்தில் ‘நம்மை ஒத்தவர்’ என்று நழுவப் பார்ப்பார். நழுவக் கூடாது. இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டதில்தான் அந்த வரையறையின் கனமே இருக்கிறது. கடவுளோடு எந்தச் சொல்லால் ஒன்றானவரோ, பசித்துக் களைத்த நம்மோடும் அதே சொல்லால் ஒன்றானவர்.

இந்தச் சோதனையில் தேறுவது ‘ஒருபொருண்மை’. ‘பொருள்’ எண்ணத்தக்கது. -மை சேர்ந்து ‘பொருண்மை’ ஆனதும், எது ஒன்றை அப்பொருளாக ஆக்குகிறதோ அதைச் சுட்டும். ‘தந்தையோடு ஒருபொருண்மையர், நம்மோடும் ஒருபொருண்மையர்’ இரண்டுமே தமிழாக நிற்கின்றன. ஹோமோயூசியோஸுக்கு ‘ஒத்தபொருண்மை’. இரண்டும் ஒகரத்தில் தொடங்குவதால் கிரேக்க இணையின் நெருக்கமும் ஓரளவு காதில் விழுகிறது.

ஒரு மறுப்பு வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். ‘ஒருபொருட்பன்மொழி’ என்று இலக்கணத்தில் இருப்பதால் ஒருபொருண்மை என்றால் ஒரே அர்த்தம் என்று எடுத்துக்கொள்வார்களே? சொல்லைப் பற்றிய பேச்சில் எடுத்துக்கொள்வார்கள்தான். இங்கே எழுவாய் ஆளாக இருப்பதால் ‘-அர்’ ஈறே குழப்பத்தைத் தடுத்துவிடும்.

இலக்கணம் என்றதும் இன்னொன்று. இரு இயல்புகளும் எப்படி ஒன்றுபட்டன என்று சொல்ல கல்கெதோன் பயன்படுத்தும் நான்கு சொற்களும் கிரேக்கத்தில் ‘அ’ என்ற எதிர்மறை முன்னொட்டோடு தொடங்குகின்றன. நம் மொழியில் அந்த எதிர்மறை சொல்லின் கடைசியில் வந்து நிற்கும்: கலவாது, திரியாது, பகாது, பிரியாது. ‘மாறாமல்’ என்பதைவிடத் ‘திரியாது’ எனக்கு உகந்ததாகப் படுகிறது. இரு சொல் சேரும்போது எழுத்து எதுவும் திரியாமல் நிற்பதை ‘இயல்புப் புணர்ச்சி’ என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ‘பகாது’ என்பதும் பகாப்பதத்தால் நமக்குப் பழகியதுதான். இவற்றைப் புதிதாக ஆக்க வேண்டிய தேவையே இல்லை.

‘ஹிப்போஸ்தாசிஸ்’ என்ற கிரேக்கச் சொல் மட்டும் எனக்கு இன்னும் முடிச்சாகவே இருக்கிறது. நிசேயாவின் கண்டனப் பகுதியில் அது ஊசியாவுக்கு மாற்றுச்சொல்போல் வருகிறது. நான்காம் நூற்றாண்டின் இறையியலாளரான கப்பதோக்கியத் தந்தையருக்குப் பிறகு ஒரே ஊசியா, (தந்தை, மகன், தூய ஆவி என) மூன்று ஹிப்போஸ்தாசிஸ் என்று பிரிந்துவிடுகிறது. கல்கெதோன் அதையும் ‘ஆள்’ என்பதையும் அருகருகே வைப்பதால் ‘ஆள்’ என்றே போட்டுவிட முடியாது. ‘தனியிருப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘ஒரே ஆளும் ஒரே தனியிருப்புமாக’ என்று வாக்கியத்தில் வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, தட்டுகிற இடத்தை எழுதுங்கள்.