ஜீரோ ஃபோர்சிங் போட்டும் பிழை குறையவில்லையே, ஏன்?

வால்சிம்பல்:
இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். சேனலில் (சிக்னல் கடந்து வரும் பாதையில்) இரண்டே டாப்: 1, 0.9, அதாவது ஒவ்வொரு சிம்பலோடும் முந்தைய சிம்பல் 0.9 மடங்கு கலந்து வருகிறது. பிபிஎஸ்கே (ஒரு பிட்டுக்கு +1 அல்லது −1 என ஒரு சிம்பல்), சிம்பல் ஆற்றல் 1, நாய்ஸ் வேரியன்ஸ் (இரைச்சலின் சராசரி ஆற்றல்) 0.1. ஈக்வலைசர் (சேனல் செய்த கெடுதலைச் சரிசெய்யும் ஃபில்டர்) இல்லாமல் 100 பிட்டுக்கு 19 தப்பு. 40 டாப் ஜீரோ ஃபோர்சிங் (சேனலை அப்படியே தலைகீழாக்கும் ஈக்வலைசர்) போட்டேன். நாய்ஸ் இல்லாமல் ஓட்டினால் ஒரு தப்புகூட இல்லை. நாய்ஸைச் சேர்த்ததும் 100க்கு 8. முந்தைய சிம்பலின் வாலைச் சுத்தமாக வெட்டியாயிற்று, அப்புறம் ஏன் இவ்வளவு? கோடில் பிழையா?

அலைக்கணக்கு:
கோடு சரி. சேனலின் ஃபிரீக்வன்சி ரெஸ்பான்ஸை வரைந்து பாருங்கள். பூஜ்ய ஃபிரீக்வன்சியில் 1.9, நைக்விஸ்ட் ஓரத்தில் (சிம்பல் வேகத்தின் பாதியில்) வெறும் 0.1. அந்த ஓரத்தைச் சமமாக்க ஜீரோ ஃபோர்சிங் 10 மடங்கு தூக்குகிறது. சிக்னல் அங்கே ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது, தூக்கினால் கூடவே நாய்ஸும் எழுந்து வரும். காகிதத்திலேயே போட்டுவிடலாம்: உங்கள் ஈக்வலைசரின் டாப்கள் 1, −0.9, 0.81 என்று போகும். வர்க்கங்களின் கூட்டல் 1/(1−0.81), அதாவது 5.26. நாய்ஸ் 7.2 டெசிபெல் ஏறிவிட்டது.

எம்எம்எஸ்இ (சராசரி வர்க்கப் பிழையை மிகக் குறைவாக்கும் ஈக்வலைசர்) போடுங்கள். அதே ஓரத்தில் அதன் பெருக்கம் 0.1/(0.01+0.1), கிட்டத்தட்ட 0.91தான். கொஞ்சம் ஐஎஸ்ஐ (பக்கத்துச் சிம்பல்களின் கலப்பு) மிஞ்சும், மிஞ்சட்டும். அதுவும் நாய்ஸும் சேர்ந்த சராசரி வர்க்கப் பிழை 0.53லிருந்து 0.16க்கு இறங்கும். ஒன்று மறக்காதீர்கள்: டிலேயை (ஒரு சிம்பலை எத்தனை படி தாமதித்து முடிவு செய்வது என்பதை) பூஜ்யத்தில் விடாமல் டாப்களின் நடுவில் வையுங்கள். நான் ஒருமுறை அதை விட்டுவிட்டு ஒரு வாரம் தேடியிருக்கிறேன்.

வால்சிம்பல்:
டிலே 20 வைத்து ஓட்டினேன். 100க்கு ஏறக்குறைய 1! நாய்ஸை 0.001 ஆக்கினால் ஓரத்தின் பெருக்கம் 9.09 ஆகிறது, ஜீரோ ஃபோர்சிங்கின் 10ஐ நெருங்குகிறது. இப்போதுதான் உறைத்தது: நாய்ஸ் எவ்வளவு என்று எம்எம்எஸ்இக்குச் சரியாகச் சொல்ல வேண்டும்.

பின்னூட்டம்:
இந்தச் சேனலுக்கு டிஎஃப்இயும் (எடுத்த முடிவைத் திருப்பிக் கொடுத்துக் கழிக்கும் ஈக்வலைசர்) முயன்று பாருங்கள். முடிவு செய்த முந்தைய சிம்பலை 0.9ஆல் பெருக்கிக் கழித்தால் போதும், நாய்ஸ் துளியும் ஏறாது. 1000க்கு ஒன்றிரண்டு தப்புதான் வரும். ஆனால் ஒரு முடிவு தப்பினால் அடுத்ததில் 1.8 அளவு பிழை ஏறும், பாதி நேரம் அதுவும் தப்பும். பிழைகள் கொத்தாக வரும், பின்னால் பிழை திருத்தும் கோடிங் இருந்தால் இன்டர்லீவர் (பிட்களின் வரிசையைக் கலைத்துக் கொத்தைச் சிதறடிப்பது) வையுங்கள்.