பைத்தான்: ஒரு கட்டத்தில் எண் போட்டால் மூன்று வரிசையும் மாறுகிறது

கேட்டவர்:
வணக்கம். பைத்தான் புரோகிராமிங் மொழியை இப்போதுதான் படிக்கிறேன். 3 வரிசை உள்ள லிஸ்டில் இரண்டாவது, மூன்றாவது வரிசையை மட்டும் லூப் போட்டு மறுபடி 0 ஆக்குவது எப்படி? வேறு இடத்தில் கேட்டபோது "ஏற்கெனவே கேட்ட கேள்வி" என்று பூட்டிவிட்டார்கள். கொடுத்த லிங்க்கை முழுக்கப் படித்தேன், என் பிரச்சினையோடு அதற்கு என்ன சம்பந்தம் என்று பிடிபடவில்லை.

பதில் 1:
இதெல்லாம் அடிப்படை. தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கேட்டவர்:
தேடிவிட்டுத்தான் வந்தேன். இந்தச் சிக்கலுக்குப் பெயரே தெரியாதபோது எதைப் போட்டுத் தேடுவது?

பதில் 2:
0 ஆக்குவது இருக்கட்டும். அந்த வரிசைகளில் 0 இல்லாமல் போனது எப்படி? புரோகிராம் கோடை டெக்ஸ்டாக ஒட்டுங்கள், ஸ்கிரீனை ஃபோட்டோ எடுத்துப் போட்டால் ஓட்டிப் பார்க்க முடியாது. எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்றும் எழுதுங்கள்.

கேட்டவர்:
கட்டம் = [[0]*3]*3
கட்டம்[0][1] = 5

எதிர்பார்த்தது: [[0, 5, 0], [0, 0, 0], [0, 0, 0]]
வந்தது: [[0, 5, 0], [0, 5, 0], [0, 5, 0]]

பதில் 2:
லூப்பே வேண்டாம். வெளியே இருக்கும் *3 மூன்று வரிசைகளை உருவாக்குவதில்லை. ஒரே வரிசையை மூன்று முறை சுட்டுகிறது, அவ்வளவுதான். நீங்கள் நினைத்தபடி இரண்டாவது வரிசையை 0 ஆக்கினால் முதல் வரிசையில் போட்ட 5-உம் போய்விடும். உள்ளே உள்ள [0]*3 பரவாயில்லை, எண்ணை உள்ளுக்குள் மாற்ற முடியாது, அந்த இடத்தில் வேறு எண்தான் வந்து உட்காரும். இப்படி எழுதுங்கள்:

கட்டம் = [[0]*3, [0]*3, [0]*3]

வரிசைகள் அதிகமானால் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன், அதாவது ஒரே வரியில் லூப் போட்டு லிஸ்ட் உருவாக்கும் முறை. பைத்தானின் அதிகாரப்பூர்வக் கேள்வி-பதில் பக்கத்திலேயே இது இருக்கிறது, ஆனால் "பல பரிமாண லிஸ்ட்" என்ற தலைப்பில். புதிதாக வருபவருக்கு அந்தத் தலைப்பு எப்படித் தோன்றும்?

பதில் 1:
கோடே இல்லாமல் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுகிறார்கள். ராத்திரி உட்கார்ந்து பதில் எழுதினால், வேலை முடிந்ததும் கேள்வியை அழித்துவிடுகிறார்கள், நம் பதிலும் சேர்ந்து போகிறது. எனக்கு அலுத்துவிட்டது.

பதில் 2:
அந்த அலுப்பு எனக்கும் உண்டு. ஆனால் இவரிடம் கோடு கேட்டதும் கொடுத்துவிட்டாரே. தனக்குத் தோன்றிய தீர்வைப் பற்றிக் கேட்டார், மூலப் பிரச்சினை அதற்குப் பின்னால் இருந்தது. எக்ஸ்-ஒய் பிராப்ளம் என்பது இதுதான். "ஏன் தேவைப்படுகிறது" என்று ஒரு வரி கேட்டால் பாதி இழைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, மிக்க நன்றி! அடுத்து வருபவர் தேடினால் கிடைக்கட்டும் என்று தலைப்பை மாற்றிவிட்டேன், கேள்வியை அழிக்க மாட்டேன். இன்னொன்று: கட்டம்[:] என்று பிரதி எடுத்தால் போதுமா?

பதில் 2:
போதாது. வெளி லிஸ்ட் மட்டும்தான் புதிது, உள் வரிசைகள் பழையவையே. காப்பி மாட்யூலில் உள்ள டீப்காப்பியைப் பயன்படுத்துங்கள், அது உள் வரிசைகளையும் சேர்த்துப் பிரதி எடுக்கும்.